காசு கொடுத்து நம் கடன் மதிப்பெண்ணைப் பார்க்கத்தான் வேண்டுமா?

லோரிக்காரன்_சிப்புட்

எல்லாருக்கும் வணக்கம். ஒரு சந்தேகம், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை ஆலையில் லோரி ஓட்டுகிறேன். பதினொரு வருடமாகிறது. நாங்கள் இருக்கும் தோட்ட வீடுகளைக் காலி செய்யச் சொல்வார்கள் என்று பேச்சு அடிபடுகிறது. அதற்குள் டவுன் பக்கம் ஒரு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) பழைய ஒற்றை மாடி வீடு பார்த்து வைத்திருக்கிறோம். விலை 185,000 வெள்ளி (ரிங்கிட்).

வீட்டு ஏஜண்ட், "அண்ணே, முதல்ல உங்க ஸ்கோர் என்னன்னு பாக்கணும், 150 வெள்ளி கொடுங்க, முழு ரிப்போர்ட் எடுத்துத் தரேன்" என்கிறார். ஐசி (அடையாள அட்டை) நகலும் கேட்கிறார். என் வீட்டுக்காரி ஒரே பிடியாக நிற்கிறாள்: "நம்ம கடன நாமே பாக்கறதுக்கு எதுக்குக் காசு?"

அவள் சொல்வதும் நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் ஸ்கோர் தெரியாமல் வங்கிக்குப் போய் மூக்குடைபட்டு வரவும் மனமில்லை. இருக்கும் கடன் ஒரு மோட்டார் சைக்கிள் தவணை மட்டும்தான். காசு கொடுத்துப் பார்க்கலாமா, வேண்டாமா?

தே_தாரிக்_குறைச்ச_சீனி

150 வெள்ளியா! அந்த ஏஜண்டிடம் ஐசி நகலைக் கொடுத்துவிடாதீர்கள். அதே அறிக்கையை நீங்களே வாங்கினால் 30 வெள்ளிக்குள் முடிந்துவிடும்.

முன்னாள்_கவுண்டர்

தம்பி, நான் பேராக்கில் ஒரு வங்கிக் கிளையில் பதினான்கு வருடம் இருந்தவள், அதில் ஆறு வருடம் கடன் பிரிவில். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

முதலில், இரண்டு வேறு விஷயங்களை ஜனங்கள் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று சிசிரிஸ். இது மலேசியாவின் மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் பதிவேடு, 2001-இலிருந்து இருக்கிறது. எந்த வங்கியில் என்ன கடன், பாக்கி எவ்வளவு, கடந்த 12 மாதத்தில் தவணையை ஒழுங்காகக் கட்டினீர்களா என்பதெல்லாம் அதில் இருக்கும். அதில் ஸ்கோர் என்று ஒன்றும் கிடையாது. உங்கள் சிசிரிஸை நீங்கள் பார்க்க ஒரு சென் கூட வேண்டாம். இசிசிரிஸ் என்ற இணையப் பக்கத்தில் பதிவு செய்துகொண்டால் போதும்.

இரண்டாவது, கடன் அறிக்கை நிறுவனங்கள். சிடோஸ்தான் ஜனங்களுக்குத் தெரிந்த பெயர், 1990-இலிருந்து இருக்கும் தனியார் கம்பெனி. எக்ஸ்பீரியன், கிரெடிட் பியூரோ மலேசியா என்று மற்றவையும் உண்டு. 2010-ஆம் ஆண்டு கடன் அறிக்கை நிறுவனச் சட்டத்தின் கீழ் இவை நடக்கின்றன. இவர்கள் சிசிரிஸ் விவரத்தையும் எடுத்து, கோர்ட் வழக்கு, திவால், கம்பெனிப் பதிவு, கடைக்காரர்களும் சேவை நிறுவனங்களும் கொடுக்கும் பாக்கி விவரம் என்று இன்னும் சிலதையும் சேர்த்து, ஒரு கணக்குப் போட்டு எண் கொடுக்கிறார்கள். சிடோஸ் எண் 300-இல் தொடங்கி 850 வரை. 697-க்கு மேல் போனால் "நல்லது" என்கிறார்கள். அந்த எண்ணோடு கூடிய அறிக்கைக்குத்தான் காசு.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்த எண்ணை வைத்து மட்டும் எந்த வங்கியும் கடன் கொடுப்பதில்லை, மறுப்பதும் இல்லை. ஒவ்வொரு வங்கிக்கும் உள்ளே சொந்தக் கணக்கு ஒன்று இருக்கிறது. நான் வேலை பார்த்தபோது விண்ணப்பம் வந்ததும் முதலில் திறந்தது சிசிரிஸைத்தான். அப்புறம் சம்பளச் சிட்டை, சேமநிதி அறிக்கை. மாதச் சம்பளத்தில் எவ்வளவு தவணைக்கே போய்விடுகிறது என்ற கணக்கு. நல்ல ஸ்கோர் இருந்தும் சம்பளத்தில் பாதிக்கு மேல் கார் தவணைக்குப் போனதால் திரும்பிப் போனவர்களை எண்ணி மாளாது.

அதனால் முதலில் இலவசமாகக் கிடைப்பதைப் பாருங்கள். அதைப் பார்த்த பிறகும் சந்தேகம் இருந்தால் காசு கொடுப்பதைப் பற்றி யோசிக்கலாம். ஏஜண்டுக்கு எதுவும் கொடுக்க வேண்டாம்.

பால்மரம்_60

இந்த ஸ்கோர், ஸ்கோர் என்று பேசுவதைக் கேட்டாலே எனக்குச் சிரிப்புதான் வருகிறது.

என் அம்மா தோட்ட லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருபது வருடம் கூட்டு நடத்தினாள். அதுதான், சீட்டு. பன்னிரண்டு வீடு, மாதம் 50 வெள்ளி. நீலக் கட்டம் போட்ட ஒரு நோட்டு, பக்கத்துக்குப் பக்கம் பெயர், எதிரே கையெழுத்து. கையெழுத்துத் தெரியாதவர்களுக்குக் கட்டைவிரல் ரேகை. ஒரு மாதம் கூட யாரும் தவறியதில்லை. தவறினால் மறுநாள் காலையில் பெரட்டில், அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், மூஞ்சியைக் காட்ட முடியாதே! அந்த நோட்டுக்கு எந்தக் கம்பெனி ஸ்கோர் போட்டது? 1971-லேயே கூட்டைத் தடை செய்து சட்டம் போட்டார்கள், அவ்வளவுதான்.

வீட்டுக்காகப் பணம் சேர்ப்பது எங்களுக்குப் புதிதும் இல்லை. தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்ற துண்டாடல் காலத்தில், 1960-இல், அன்றைய அமைச்சர் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தபோது பால் வெட்டின கைகள்தான் மாதாமாதம் பத்து பத்து வெள்ளியாகக் கட்டித் தோட்டம் வாங்கின. அவர் பிறந்த ஊர்க்காரன் நீ, லோரிக்காரத் தம்பி. உனக்குத் தெரியாததா?

காசு கொடுத்துப் பார்ப்பது வீண் வேலை. போய் வங்கியில் கேள். இல்லை என்றால் அடுத்த வங்கி.

முன்னாள்_கவுண்டர்

ஐயா, கூட்டுக் கதை அருமை. ஆனால் கடைசி வரியோடு எனக்கு ஒப்புதல் இல்லை. "இல்லை என்றால் அடுத்த வங்கி" என்று நாலு வங்கியில் ஒரே மாதத்தில் விண்ணப்பம் போட்டால், முடிவாகாமல் நிற்கும் விண்ணப்பங்கள் சிசிரிஸில் அப்படியே தெரியும். "ஏன் இந்த ஆள் இத்தனை இடத்தில் கேட்கிறான்?" என்று அடுத்த வங்கி யோசிக்கும்.

நாமே நம் அறிக்கையைப் பார்ப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சொந்தமாக எத்தனை முறை பார்த்தாலும் எண் குறையாது. "அடிக்கடி பார்த்தால் ஸ்கோர் இறங்கும்" என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள், அதை நம்ப வேண்டாம்.

கிராணி_பேரன்

நான் மாறுபடுகிறேன். எனக்கு வயது 27, ஈப்போவில் வேலை. ஆண்டுச் சந்தா கட்டிக் கண்காணிப்புச் சேவை வைத்திருக்கிறேன். என் பெயரில் யாராவது எதையாவது பதிவு செய்தாலோ, என் அறிக்கையை யாராவது எடுத்தாலோ கைப்பேசிக்குத் தகவல் வந்துவிடும். போன வருடம் எனக்குத் தெரியாமல் என் ஐசியில் ஒரு கைப்பேசி இணைப்பு எடுத்திருந்தார்கள். உடனே தெரிந்து போலீஸ் புகார் கொடுத்து நிறுத்தினேன். மாதத்துக்கு ஒரு ரொட்டி சானாய், தே தாரிக் காசு. இதைப் போய் வீண் என்கிறீர்களே.

தே_தாரிக்_குறைச்ச_சீனி

தம்பி, உங்களுக்குப் பயன்பட்டது, சரி. ஆனால் நீங்கள் காசு கொடுப்பது காவலுக்கு, ஸ்கோரைப் பார்ப்பதற்கு இல்லை. லோரிக்காரர் கேட்பது வேறு. அவர் வீட்டுக் கடன் கேட்கப் போவது ஆயுளில் ஒரு தடவையோ இரண்டு தடவையோ. அதற்கு ஏன் வருடா வருடம் சந்தா?

கிராணி_பேரன்

ஐசி நகலைக் கடைக்குக் கடை கொடுத்துப் பழகின ஊர் அண்ணே நம்முடையது. மோட்டார் வாங்கினால் நகல், ஃபிரிட்ஜ் தவணை எடுத்தால் நகல், கோயில் கமிட்டிக்கும் நகல். காவலும் வேண்டியதுதான்.

ஆனால் எண்ணை மட்டும் பார்க்கச் சந்தா வேண்டாம், அதை ஒத்துக்கொள்கிறேன்.

தையல்_மிஷின்_அக்கா

நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். எனக்குச் சம்பளச் சிட்டையே கிடையாது. வீட்டில் தையல், தீபாவளிக்கு முறுக்கு ஆர்டர். கிரெடிட் கார்டு இல்லை, கடனும் வாங்கியதில்லை. எல்லாரும் பேசுகிறார்களே என்று போன வருடம் காசு கட்டி அறிக்கை எடுத்தேன். திறந்து பார்த்தால் எண் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை! கடன் வரலாறு போதவில்லையாம். கடனே வாங்காதவளுக்கு மதிப்பெண்ணும் இல்லை. கட்டின காசு போனதுதான்.

முன்னாள்_கவுண்டர்

அக்கா, இதைத்தான் எல்லாருக்கும் சொல்ல நினைத்தேன், நீங்களே சொல்லிவிட்டீர்கள். கடன் இல்லாதவர்கள் காசு கட்டாதீர்கள். இலவச சிசிரிஸைத் திறந்து, வெறுமையாக இருக்கிறதா என்று பார்த்தாலே விஷயம் தெரிந்துவிடும்.

உங்களைப் போலச் சம்பளச் சிட்டை இல்லாதவர்கள் வீடு வாங்க எஸ்ஜேகேபி என்ற வீட்டுக் கடன் உத்தரவாதத் திட்டம் ஒன்று இருக்கிறது. சிறு வியாபாரிகள், சொந்தத் தொழில் செய்பவர்களுக்காக அரசாங்கம் வங்கிக்கு உத்தரவாதம் கொடுக்கும். தொழிலுக்குப் பணம் வேண்டுமானால் சிறு தொழிலுக்குக் கடன் கொடுக்கும் அரசாங்க நிறுவனமான தெக்குனில் இந்தியர்களுக்கான ஸ்புமி கடன் இருக்கிறது. சின்னதாக ஒன்று எடுத்து ஒழுங்காகக் கட்டினால் வரலாறும் உண்டாகும். ஆனால் வரலாறு உண்டாக்குவதற்காகவே தேவையில்லாத கடன் எடுக்காதீர்கள், அது வேறு வம்பு.

லோரிக்காரன்_சிப்புட்

எல்லாருக்கும் நன்றி. முந்தாநாள் மகள் கைப்பேசியில் இசிசிரிஸ் பதிவு செய்து கொடுத்தாள். ஆளைச் சரிபார்த்து உள்ளே விட நேரமாயிற்று. திறந்து பார்த்தேன்.

மோட்டார் தவணை மட்டும்தான் இருக்கிறது. பக்கத்தில் மாதாமாதத்துக்கு ஒரு கட்டம், கட்டத்தில் எண். வரிசையாக 0, 0, 1, 0, 1, 1, 0... இப்படிப் போகிறது. நான் ஒரு மாதம் கூடக் கட்டாமல் விட்டதில்லை. சத்தியமாக. பிறகு ஏன் 1 வருகிறது?

முன்னாள்_கவுண்டர்

தவணைத் தேதி எப்போது தம்பி? சம்பளம் எப்போது?

லோரிக்காரன்_சிப்புட்

தவணை 28-ஆம் தேதி. சம்பளம் மறுமாதம் 7-ஆம் தேதி. ஓவர்டைம் நிறைய வந்த மாதம் கையில் இருக்கும், 28-க்கே கட்டிவிடுவேன். இல்லாவிட்டால் 7-ஆம் தேதி சம்பளம் வந்ததும் முதல் வேலையாகக் கட்டுவேன்.

முன்னாள்_கவுண்டர்

அதுதான் விஷயம். அந்த எண், மாதக் கடைசியில் எத்தனை தவணை பாக்கி நிற்கிறது என்பது. நீங்கள் 7-ஆம் தேதி கட்டினாலும் 30-ஆம் தேதி கணக்கெடுக்கும்போது ஒரு தவணை பாக்கிதானே? உங்கள் மனசுக்கு நீங்கள் ஒழுங்கானவர். கட்டத்துக்கு நீங்கள் ஒரு மாதம் பிந்தியவர். நான் இருந்த கிளையில் ஒரு 1, இரண்டு 1-ஐப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டோம். 2, 3 என்று ஏறினால்தான் முகம் சுளிப்போம். ஆனால் அடிக்கடி 1 வந்தால் கேள்வி வரும்.

இரண்டு வழி இருக்கிறது. தவணைத் தேதியை 10-க்கு மாற்றித் தர முடியுமா என்று கடன் கொடுத்த கம்பெனியில் கேளுங்கள். முடியாது என்றால் எப்படியாவது ஒரே ஒரு தவணையை முன்கூட்டிக் கட்டிவிடுங்கள். அதற்குப் பிறகு வழக்கம்போல 7-ஆம் தேதியே கட்டினாலும் மாதக் கடைசியில் பாக்கி நிற்காது.

இன்னொன்று. சிசிரிஸ் காட்டுவது கடைசி 12 மாதத்தை மட்டும். இனிமேல் சுத்தமாகக் கட்டினால் பழைய 1 எல்லாம் மாதத்துக்கு ஒன்றாகப் பின்னால் தள்ளப்பட்டு மறைந்துவிடும். இதற்கும் காசு வேண்டாம், பொறுமை இருந்தால் போதும்.

பால்மரம்_60

அடேயப்பா. ஒன்பது நாள் வித்தியாசத்துக்கு ஒரு மனுஷன் பிந்தினவனா? அம்மா இருந்திருந்தால் நோட்டில் "7-ஆம் தேதி தருவான், நல்லவன்" என்று எழுதி வைத்திருப்பாள்.

தே_தாரிக்_குறைச்ச_சீனி

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடுகிறேன். சந்தைப் பக்கம் விளக்குக் கம்பங்களில் "சிசிரிஸ், சிடோஸ் பிளாக்லிஸ்ட்? நாங்கள் பெயரை நீக்கித் தருகிறோம்" என்று நோட்டீஸ் ஒட்டியிருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். சிசிரிஸில் பிளாக்லிஸ்ட் என்று ஒன்றே கிடையாது என்று பேங்க் நெகாராவே பல தடவை சொல்லியாகிவிட்டது. இருப்பது பதிவு. தப்பாக இருந்தால் கடன் கொடுத்த வங்கியிடம் சொல்லித் திருத்தலாம். உண்மையாக இருந்தால் காசு வாங்கிக்கொண்டு நீக்க யாராலும் முடியாது. எங்கள் தாமானில் ஒருவர் 800 வெள்ளி கொடுத்துவிட்டு இன்னும் அந்த எண்ணுக்குப் போன் அடித்துக்கொண்டிருக்கிறார்.

கடன் மூச்சு முட்டினால் ஏகேபிகே என்ற கடன் ஆலோசனை நிறுவனத்துக்குப் போங்கள். பேங்க் நெகாரா 2006-இல் ஏற்படுத்தியது. ஆலோசனை இலவசம், ஈப்போவிலேயே கிளை இருக்கிறது. ஆலோங்கிடம் (சட்டவிரோத வட்டிக்காரனிடம்) மட்டும் போகாதீர்கள்.

லோரிக்காரன்_சிப்புட்

எல்லாரும் திட்டினாலும் சரி, சொல்லிவிடுகிறேன். நேற்று நானே நேரடியாகக் காசு கட்டி ஸ்கோர் அறிக்கையை எடுத்துவிட்டேன். வீட்டுக்காரிக்குத் தெரியாது.

எண் 668. சரி, மோட்டார் கட்டங்களால் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் கீழே போகப் போக வேறொரு பக்கம். ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்தின் பெயர், பாக்கி 214 வெள்ளி சொச்சம். என் பெயர், என் ஐசி.

என்னடா இது என்று இரவெல்லாம் யோசித்தேன். அப்புறம்தான் ஞாபகம் வந்தது. ஐந்து வருடத்துக்கு முன் வேறொரு டிவிஷன் லயத்தில் இருந்தபோது பிள்ளைகள் படிப்புக்காக இணைய இணைப்பு எடுத்தோம். அங்கிருந்து மாறி வரும்போது இணைப்பை நிறுத்தச் சொல்லிக் கடையில் சொல்லிவிட்டு வந்தேன். பெட்டியையும் திருப்பிக் கொடுத்தேன். அவர்கள் நிறுத்தினது இரண்டு மாதம் கழித்துப் போலிருக்கிறது. பில் பழைய லயத்துக்குப் போயிருக்கிறது, அங்கே வாங்க ஆள் யார்? அந்த லயத்தையே இடித்துவிட்டார்கள்.

இது சிசிரிஸில் இல்லவே இல்லை. இரண்டு தடவை பார்த்துவிட்டேன்.

கிராணி_பேரன்

பார்த்தீர்களா! காசு கொடுத்ததால்தான் கண்ணில் பட்டது.

முன்னாள்_கவுண்டர்

ஆமாம், இதில் கிராணி பேரன் பக்கம்தான் நியாயம். நான் சொன்னதை ஒரு இடத்தில் திருத்திக்கொள்கிறேன். சிசிரிஸில் வருவது வங்கிக் கடன், அதில் சேர்ந்திருக்கும் நிதி நிறுவனங்களின் கடன், பிடிபிடிஎன் படிப்புக் கடன் போன்றவை. தொலைபேசி பில், கடைக்காரர் பாக்கி அங்கே வராது. அது கடன் அறிக்கை நிறுவனத்திடம்தான் இருக்கும், வங்கியும் அதை வாங்கிப் பார்க்கும். கோர்ட் வழக்கும் அப்படித்தான். யாருக்காவது ஜாமீன் கையெழுத்துப் போட்டு அது வழக்காகிப் போயிருந்தால் அங்கே தெரியும்.

ஆகவே வீடு மாறி மாறி இருந்தவர்கள், முன்பு வியாபாரம் செய்து விட்டவர்கள், ஜாமீன் போட்டவர்கள், இவர்கள் வீட்டுக் கடனுக்கு ஆறு மாதம் முன்னால் ஒரே ஒரு தடவை காசு கொடுத்துப் பார்ப்பது தப்பில்லை. ஆனால் பாருங்கள், அந்த 668 என்ற எண்ணால் உங்களுக்கு என்ன லாபம்? ஒன்றுமில்லை. லாபம் கீழே இருந்த அந்த ஒரு வரியில். எண்ணைப் பார்த்துவிட்டு மூடி வைத்திருந்தால் காசு வீண்தான். நிறைய பேர் அப்படித்தான் மூடி வைக்கிறார்கள்.

இப்போது செய்ய வேண்டியது: அந்தப் பணம் நியாயமா இல்லையா என்று ஒரு தடவை வாதாடிப் பாருங்கள், பெட்டியைத் திருப்பிக் கொடுத்த ரசீது இருந்தால் காட்டுங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் கட்டிவிட்டு, கட்டி முடித்ததற்கான கடிதம் கட்டாயம் வாங்குங்கள். கடிதம் இல்லாமல் கவுண்டரை விட்டு நகராதீர்கள். அதை அறிக்கை நிறுவனத்துக்கும் அனுப்பிப் பதிவை மாற்றச் சொல்லுங்கள், நகல் ஒன்று வங்கி விண்ணப்பத்தோடும் வையுங்கள்.

பால்மரம்_60

ரசீதை எவன் ஐந்து வருடம் வைத்திருப்பான்?

லோரிக்காரன்_சிப்புட்

வீட்டுக்காரி வைத்திருந்தாள் ஐயா. பிஸ்கட் டின்னில், பிள்ளைகளின் தடுப்பூசி அட்டைக்குக் கீழே. ரசீதைக் கேட்டபோது எதற்கு என்று கேட்டாள், எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று. காசு கட்டிப் பார்த்ததற்கு ஒரு பாட்டு வாங்கினேன்.

இன்று அரைநாள் லீவு போட்டு ஈப்போ போனோம், இரண்டு பேரும். கவுண்டரில் இருந்த பெண் முதலில் "சிஸ்டத்தில் இருக்கிறது, கட்டத்தான் வேண்டும்" என்றாள். வீட்டுக்காரி ரசீதை எடுத்து மேசை மேல் வைத்து, தேதியைக் காட்டி, "இந்தத் தேதிக்கு அப்புறம் பெட்டியே எங்ககிட்ட இல்ல, எதுக்குப் பில்?" என்று மலாயில் கேட்டாள். மேனேஜர் வந்தார். 214-இல் 147-ஐத் தள்ளிவிட்டு, மீதியை மட்டும் கட்டச் சொன்னார்கள். கட்டினோம். கடிதம் 14 வேலை நாளில் வருமாம். இல்லை, இப்போதே வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டாள். ஒன்றரை மணி நேரம். வாங்கிக்கொண்டுதான் எழுந்தோம்.

தையல்_மிஷின்_அக்கா

உங்கள் வீட்டம்மாவுக்கு என் வணக்கம் சொல்லுங்கள்!

தே_தாரிக்_குறைச்ச_சீனி

மோட்டார் தேதி என்ன ஆயிற்று? ஏஜண்ட் என்ன சொல்கிறார்?

லோரிக்காரன்_சிப்புட்

தேதியை மாற்ற முடியாது என்றுவிட்டார்கள். இந்த மாதம் ஓவர்டைம் காசில் இரண்டு தவணை சேர்த்துக் கட்டிவிட்டேன். ஏஜண்ட் இன்னும் 150-ஐக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார், அறிக்கை கையில் இருக்கிறது என்றதும் குரல் கொஞ்சம் இறங்கியது. வீட்டை விற்கிறவர் ஆறு மாதம் பொறுக்க மாட்டாராம், மூன்று மாதம் பார்ப்பாராம். முன்னாள் கவுண்டர் அக்கா, மூன்று மாதத்தில் கட்டங்கள் கொஞ்சமாவது சுத்தமாகுமா?

முன்னாள்_கவுண்டர்

மூன்று கட்டம் சுத்தமாகும் தம்பி. விண்ணப்பத்தோடு சம்பளத் தேதி 7 என்று ஆலையிலிருந்து ஒரு கடிதமும் வாங்கி வையுங்கள். கடன் அதிகாரி மனுஷர்தான், ஏன் 1 வந்தது என்று காரணம் தெரிந்தால் படித்துப் பார்ப்பார். ஒரே ஒரு வங்கியில் மட்டும் முதலில் போடுங்கள்.

லோரிக்காரன்_சிப்புட்

சரி அக்கா. நாளைக்கே ஆபீஸ் கிராணியிடம் கேட்கிறேன்.